குயவனும் புற்றும்

கங்கைக் கரையில் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நவராத்திரி இரட்டைத் திருவிழா. வீட்டினுள் கொலுப்படி, வீதியில் துர்க்கா பூசைப் பந்தல். சில ஆண்டுகளுக்கு முன், பூசைக்கு ஒரு திங்கள் இருக்கையில், நண்பர் ஒருவரின் குடும்பத்தாரோடு குமார்டுலிக்குச் சென்றிருந்தோம். கொல்கத்தாவின் வடபகுதியில் சிலை வனையும் குயவர் வாழும் அந்தக் குறுகிய சந்துகளை அறியாத தமிழர் இந்நகரில் குறைவு. மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கட்டிய கூட்டின்மேல், முதியவர் ஒருவர் ஆற்றுக் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். அம்மையின் முகம் இன்னும் பொருத்தப்படவில்லை.

நண்பரின் மகள், ஏழு வயதுச் சிறுமி, நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுத் தன் பாட்டியிடம் கேட்டாள்: "இந்தத் தாத்தா சாமியை மண்ணால் செய்கிறார். சாமி நம்மையெல்லாம் செய்தார் என்று நீ சொன்னாயே, பாட்டி, சாமிக்கு மண் எங்கே கிடைத்தது?"

பாட்டி, "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, கண்ணே" என்றார். பொறியாளராகிய தந்தை, "எல்லாம் தானாக உண்டானதுதான், பெரிய வகுப்புக்குப் போனால் சொல்லித் தருவார்கள்" என்றார். ஒருவர் பத்தியுடையவர், மற்றவர் கோயில் வாயிலில் செருப்புக்குக் காவல் நிற்பவர். ஆயினும் அன்று இருவரும் செய்தது ஒன்றே. குழந்தை வாய் மூடிக்கொண்டது.

நமக்கு அது பொறுக்கவில்லை. அக்குழந்தை கேட்ட வினா நம் நாட்டில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்தது. உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டுமா, வேண்டாவா என்னும் அவ்வழக்கில் குயவனும் குடமும் களிமண்ணும் மீண்டும் மீண்டும் சான்றுக்கு அழைக்கப்பட்டுள்ளன. அவ்வழக்கின் வரலாற்றில் நாம் அறிந்த சிலவற்றை இம்மலரின் வழியாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தருக்க நூலார்க்கு முன்னரே புலவர் இவ்வழக்கைத் தொடுத்துவிட்டனர். ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இவ்வாறு உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றில் நொந்துரைத்தார். இரந்துதான் உயிர் வாழவேண்டும் என்று விதித்திருப்பானாயின் உலகைச் செய்தவன் அலைந்து கெடட்டும் என்று சினந்தார் வள்ளுவர். படைத்தவன் உண்டா என்பதன்று அவர்கள் கேட்டது. உண்டெனில் அவன் விடை சொல்லியாக வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நிலை.

முறையான வாதத்தை முதன்முதல் மணிமேகலையிலே காண்கிறோம். அந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்பார் பலர். வஞ்சி மாநகர் புகுந்த மணிமேகலை, இளம்பெண் என்று எண்ணி எவரும் மெய்ப்பொருள் உரைக்கமாட்டார் என்பதால் மாதவன் வடிவு கொண்டு, சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று, உம் கொள்கை யாது என வினவுகிறாள். இருபத்தேழாம் காதை முழுவதும் இதுவே. அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் பேசுகின்றனர். எண்வகை வடிவுடைய இறைவனே ஆக்கவும் அழிக்கவும் வல்லான் என்கிறான் சைவவாதி. பேருலகனைத்தும் தேவன் இட்ட முட்டை என்கிறான் பிரமவாதி. ஆசீவகன் அணுக்களைப் பேசுகிறான். நிகண்டவாதி உயிர் முதலிய பொருள்களைப் பேசுகிறான். சாங்கியன் மூலப்பகுதியினின்று யாவும் விரிந்தன என்கிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்துக் கள்ளின் களிப்புப் பிறப்பது போல, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்கிறான் பூதவாதி. எண்ணிப் பார்ப்பின் வியப்பாகும்: கடவுளை வைத்து உலகை விளக்கியோர் மூவர், அவரின்றியே விளக்கியோர் நால்வர். இப்பட்டியல் சேரர் தலைநகரில் ஒரு நாள் நடையில் கிடைத்ததாகக் காப்பியம் கூறுகிறது.

மணிமேகலை எவரையும் இடைமறிப்பதில்லை. பூதவாதி ஒருவனிடம் மட்டும் நகைத்து ஒரு வினா எழுப்புகிறாள். கண்ணால் கண்டதே அளவை, கருதலளவை வேண்டா என்கிறாயே, உன் தந்தையையும் தாயையும் கருதலளவையால் அன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்பது அவ்வினா. சுருக்கென்று தைக்கும் வினாதான். ஆயினும் அவள் கடவுட் கட்சியினள் அல்லள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அவள் கேட்டுத் தெளிவது பன்னிரு சார்பு. ஒன்று சார்வாக மற்றொன்று தோன்றும் அச்சங்கிலிக்குப் புறத்தே நின்று இழுப்பவன் எவனும் இல்லை. பூதவாதியும் அவளும் கர்த்தா வேண்டா என்பதில் ஒன்றுபட்டவர்கள். அதனை அறிந்த வழியில்தான் பிணக்கு. இவ்வழக்கில் ஆத்திகர் ஒருபுறம், நாத்திகர் ஒருபுறம் என்று கோடு கிழித்து நிறுத்த இயலாது என்பதற்கு இதுவே முதற் சான்று. மேலும் பல வரும்.

இனிக் குயவனுக்கு வருவோம். நியாய நூலார் கூறிய ஏது எளியது. குடம் செய்பொருள், அதற்குச் செய்வோன் உண்டு. உலகும் உறுப்புகள் கூடிய செய்பொருள்; ஆகவே அதற்கும் அறிவுடைய செய்வோன் ஒருவன் இருத்தல் வேண்டும். உழவனுக்கும் விளங்கும் வாதம் இது. நம் பாட்டிமார் கூறுவதும் இதுவே.

இதனைப் பௌத்தப் பேராசிரியர் தருமகீர்த்தி ஏழாம் நூற்றாண்டளவில் ஒரு புற்றைக் காட்டி மடக்கினார். திபெத்தியர் வழக்கு அவரைத் தென்னாட்டில் பிறந்தவர் என்கிறது. அவர் கூறியதன் கருத்து இது: குடத்தைக் கண்டவுடன் குயவனை நினைக்கிறோம் என்றால், குயவன் குடம் வனைவதை முன்பே கண்டிருக்கிறோம். மண்ணால் ஆன உருவம் என்பதுமட்டும் பற்றிக் குயவனைக் கொண்டுவந்தால், கரையான் புற்றும் மண்ணால் ஆன உருவந்தானே? அதனையும் குயவன் வனைந்தான் என்பீரோ? மலையையும் கடலையும் யாரோ செய்ததை எவரும் கண்டதில்லை. 'உருவம்' என்னும் சொல் இரண்டுக்கும் பொது என்பதால் பொருள் பொதுவாகிவிடாது.

புற்றுள்ள ஊரில் பிறந்த நமக்கு இவ்வெடுத்துக்காட்டு விளக்கம் வேண்டாதது. மழைக்குப்பின் வேலி ஓரத்தில் ஒரே இரவில் எழுந்து நிற்கும் அக்கோபுரத்தைக் கண்டு, எந்தக் கொத்தன் கட்டினான் என்று எவரும் கேட்டதில்லை; மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கும்பிட்டது வேறு செய்தி.

புத்தர் மறுத்தார், அது அவர் கொள்கை என்று ஒதுக்கலாம். வேதத்தின் ஓரெழுத்தையும் விட்டுக்கொடாத மீமாம்சகர் மறுத்ததை எங்கே ஒதுக்குவது? குமாரில பட்டர், வேதம் எவராலும் செய்யப்படாதது, உலகும் என்றும் இருப்பது என்றார். படைப்புக்கு முன் எவரும் இல்லையெனில் அவன் படைத்ததைக் கண்டவர் யார்? அவனே சொன்னான் என்றாலும், தன் பெருமை காட்டச் சொன்னானோ என்னும் ஐயம் நீங்காது என்கிறார். அருளினால் படைத்தான் எனின், அருள் செய்யப்பட வேண்டிய உயிர் அப்போது எங்கே இருந்தது? அருளால் செய்த உலகில் இன்பம் ஒன்றே அல்லவா இருக்கவேண்டும்? பயன் கருதாமல் மூடனும் ஒரு செயலில் இறங்கான். குறையொன்றும் இல்லாத இறைவன் எதை வேண்டி இறங்கினான்? நாள் தவறாமல் வேள்வி வளர்த்தவர் ஒருவர் இவ்வாறு வினவினார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

சமணரும் இதே திசையில் நின்றனர். இராட்டிரகூடர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், சினசேனர் இயற்றிய ஆதிபுராணத்தில் இவ்வாதம் விரிவாக வருகிறது. உலகைப் படைக்குமுன் இறைவன் எங்கிருந்தான்? எப்பொருளைக் கொண்டு படைத்தான்? அப்பொருளை முன்னே படைத்தான் எனின், அதனைப் படைக்க வேறு பொருள் வேண்டும், முடிவில்லாது போகும். குமார்டுலிச் சிறுமியின் வினா இதுவேயன்றோ! அப்புராணத்தின் வழிவந்த ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையில் தமிழ்ச் சமணர் இல்லங்களில் படிக்கப்பட்டு வந்தது.

நியாய நூலார் சும்மா இருக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நமக்கு அண்மையிலுள்ள மிதிலையில், உதயணர் தோன்றினார். அவருடைய நியாயகுசுமாஞ்சலி, இறைவனை அறிவால் நிறுவ முயன்ற இந்திய நூல்களுள் தலையாயது. குடத்து வாதத்தோடு அவர் நிற்கவில்லை. அறிவில்லாத அணுக்கள் முதன்முதல் எவ்வாறு அசைந்து கூடின? உலகம் விழாமல் தாங்கப்படுவது எதனால்? துணி நெய்யும் தொழில் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வருகிறதே, முதலில் கற்பித்தவன் யார்? இவ்வாறு பல வாயில்களில் நுழைகிறார். அவரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை ஒன்று சுவையானது. அவர் பூரி சகந்நாதரைத் தொழச் சென்றபோது கோயிற் கதவு அடைத்திருந்ததாம். செல்வச் செருக்கால் என்னைப் புறக்கணிக்கிறாய். பௌத்தர் வந்து எதிர்த்து நிற்கையில் நீ இருப்பதும் இல்லாததும் என் கையில் அல்லவா இருக்கிறது என்று அவர் இறைவனையே கடிந்துகொண்டாராம். கதை மெய்யோ பொய்யோ, வாதிட்டோரின் மிடுக்கு அதில் தெரிகிறது.

உதயணர் அஞ்சாமல் எதிர்கொண்ட அப்பௌத்தர் கங்கையின் மறுகரையில், விக்கிரமசீலப் பல்கலைக் கழகத்தில் இருந்தனர். ஞானசிரீமித்திரரும் அவர் மாணாக்கர் இரத்தினகீர்த்தியும் இறைவனை நிறுவும் வாதங்களை மறுப்பதற்கென்றே தனிநூல்கள் எழுதினர். ஆறு ஒன்று, கரை இரண்டு, ஏறக்குறைய ஒரே தலைமுறை. அக்காலத்து ஓலைக்கட்டுகள் இங்கும் அங்கும் படகேறிச் சென்றிருக்கும் என்று எண்ணும்போது நம் உள்ளம் அந்தப் படகுத்துறையிலேயே நின்றுவிடுகிறது.

தெற்கே திரும்புவோம். நம்மவர் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று அங்கே இருக்கிறது. திருப்பெரும்பூதூரில் 1017ஆம் ஆண்டு தோன்றியதாக மரபு கூறும் இராமாநுசர், தம் ஸ்ரீபாடியத்தில், மூன்றாம் சூத்திரத்தின்கீழ், இறைவனைக் கருதலளவையால் நிறுவ முடியாது என்று வாதிடுகிறார். முதலில் குடத்து வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்து நிறுத்துகிறார். பிறகு ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்கிறார். மலையும் கடலும் செய்யப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். அவையெல்லாம் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்குச் சான்று யாது? பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுவதைக் காண்கிறோமே? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு புண்ணியசாலிகள் செய்திருக்கலாகாதோ? மேலும், நாம் கண்ட குயவர் எல்லாரும் உடம்புடையவர். இக்கருதல் உடம்புடைய கர்த்தாவையே தரும்.

திருவரங்கனைத் தவிர வேறொன்றறியாதவர் இவ்வாறு எழுதினார்! இறைவனை அறிவிக்க வல்லது சாத்திரம் ஒன்றே, மனிதனின் அனுமானம் அன்று என்பது அவர் முடிபு. அதாவது, எதிர்க்கட்சியார் குடத்தை உடைத்தது போதாதென்று, இவரும் தம் கையால் உடைத்துவிட்டு, அதற்குப் பின்னும் தொழுதார். தவறான வழியில் கிட்டிய வெற்றியை அவர் கொள்ளவில்லை. ஆங்கில நாட்டில் 1779ஆம் ஆண்டு வெளிவந்த டேவிட் ஹியூமின் உரையாடல் நூல், உலகைப் பலர் கூடிச் செய்திருக்கலாகாதோ என்று கேட்டமைக்காகப் புகழப்படுகிறது. அவ்வினா நம் ஊரில் அறுநூறு ஆண்டு மூத்தது.

சைவர் வேறு வழி கொண்டனர், குயவனைக் கைவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பன்னிரு சூத்திரங்களால் அமைத்த சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமே இவ்வழக்கின் தீர்ப்பாக எழுதப்பட்டது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆதலால் அது ஒருவனால் தோற்றுவிக்கப்படுவது. ஒடுங்கிய இடத்தினின்றே மீளவும் தோன்றும் என்பது அதன் கருத்து. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணன். அவ்வாறே உலகுக்கு மாயை, சத்தி, இறைவன்.

மண்ணை யார் செய்தார்? எவரும் செய்யவில்லை என்பதே சைவ சித்தாந்தத்தின் விடை. மாயை அனாதி. இல்லாதது தோன்றாது. ஒன்றுமில்லாததினின்று இறைவன் உலகைப் படைத்தான் என்னும் கொள்கை மேற்றிசைச் சமயங்களுடையது. மெய்கண்டார்க்கு அது உடன்பாடன்று. சமணரும் உலகின் பருப்பொருள் அனாதி என்றே கொண்டனர். ஆகவே மண்ணைப் பற்றிச் சைவர்க்கும் சமணர்க்கும் பகையே இல்லை! பகையெல்லாம் குயவனைப் பற்றி. வினைப்பயன் தானே உயிரைச் சென்று சேரும், நடுவில் ஒருவன் எதற்கு என்றனர் சமணர். வினை அறிவில்லாதது, எங்கே, எவரிடம், எப்போது செல்வது என்பதை அறியாது, அறிந்து கூட்டுவோன் வேண்டும் என்றனர் சைவர். இருவர் நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பல நூற்றாண்டுப் பூசல் இந்த ஒரு மயிரிழையில் தொங்குவது தெரிகிறது.

மெய்கண்டாரின் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியர், திருத்துறையூரினர். சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற முதியவர். இளைஞராகிய மெய்கண்டாரைச் சோதிக்க வந்து, ஆணவத்தின் வடிவம் யாது என்று கேட்டு நிமிர்ந்து நின்றபோது, அவர் விடையாக இவரையே சுட்டிக்காட்டினார் என்பது மரபு. அன்று அடங்கிய அந்தப் புலமை பின்னர்ச் சிவஞான சித்தியாராக மலர்ந்தது. அந்நூலின் முற்பகுதியாகிய பரபக்கத்தையே நாம் இங்குச் சிறப்பித்துக் கூற விரும்புகிறோம். உலகாயதர், பௌத்தர் நால்வகையினர், நிகண்டவாதி, ஆசீவகர், மீமாம்சகர் இருவகையினர், சத்தப் பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியர், நிரீச்சுர சாங்கியர், பாஞ்சராத்திரி எனப் பதினால்வர் அதில் வருகின்றனர். ஒவ்வொருவர் கொள்கையும் முதலில் அவரே நின்று பேசுவது போலக் கூறப்படும். மறுப்பு அதன் பின்னரே. உலகாயதன் பேசும் பகுதியைப் படிப்பவர், ஆசிரியர் கட்சி மாறிவிட்டாரோ என்று ஐயுறுமளவுக்கு அதில் உயிர் இருக்கிறது. பிற்பகுதியாகிய சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவும்போதும், இறைவன் ஏன் படைத்தான் என்னும் பழைய வினாவை அவர் மறைக்கவில்லை. விளையாட்டு என்று சொல்வதும் உண்டு என ஒப்புக்கொண்டு, உயிர்கள் நுகர்ந்து வீடுபெற அருளால் செய்தான் என்று தம் விடையைத் தருகிறார். அவ்விடை குமாரிலருக்கு நிறைவளித்திருக்குமா? அளித்திருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது. துன்பம் ஏன் என்ற வினாவுக்கு, அனாதியான மலம் உண்டு, அதைக் கழுவவே உலகு என்பது சைவர் மறுமொழி. ஏற்பார் ஏற்க.

வழக்கின் இருபக்கத்தையும் இவ்வளவு கூறினோம். ஆயினும் இவ்வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்துவது வாதங்கள் அல்ல. அவற்றுள் பாதி எங்கே போயிற்று என்பதே.

உலகாயதரின் மூலநூல் இன்று நம் கையில் இல்லை. ஆசீவகரின் நூல் எம்மொழியிலும் இல்லை. ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. குண்டலகேசி பௌத்தக் காப்பியம். அதனை மறுக்கவே எழுந்தது நீலகேசி என்னும் சமண நூல். பழையனூர் நீலி சமண முனிவரால் தெளிவு பெற்று, குண்டலகேசி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரையும் தேடிச் சென்று வாதிடுவதாக அமைந்த காப்பியம் அது. அதன் உரையாகிய சமய திவாகரத்தை எழுதிய வாமன முனிவர், மறுக்கப்படும் பாடல் இன்னதென்று குண்டலகேசியிலிருந்து எடுத்துக் காட்டினார். மூலம் மறைந்தது, மறுப்பு நின்றது. இன்று குண்டலகேசியின் ஒரு பகுதியை நாம் அறிவது புறத்திரட்டு காத்த சில பாடல்களாலும், பகைவர் எடுத்துவைத்த அம்மேற்கோள்களாலும்தான்.

ஆசீவகர் கதையும் அதுவே. அவர்களுடைய வரலாற்றை 1951இல் நூலாக எழுதிய ஆங்கில அறிஞர் ஏ. எல். பாஷம், அவர்களின் கொள்கையை அறிய மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் என்னும் மூன்று தமிழ் நூல்களையும் சான்றாகக் கொண்டார். ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம். மூவரும் ஆசீவகரை மறுத்தவர்கள். மூவரும் சேர்ந்து அவர்களைக் காத்திருக்கிறார்கள். அப்பெருமகனார் 1986ஆம் ஆண்டு நம் கொல்கத்தாவிலேயே காலமானார்.

விக்கிரமசீலம் அழிந்தபின் இரத்தினகீர்த்தியின் சுவடிகள் இந்தியாவில் காணப்படவில்லை. இராகுல சாங்கிருத்தியாயனர் 1930களில் மீண்டும் மீண்டும் திபெத்துக்குச் சென்று, அங்குள்ள மடங்களில் தேடிக் கண்டார். அந்நூல்கள் 1957இல் பாட்னாவில் அச்சேறின. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் உதயணர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். மறுகரை ஊமையாய்க் கிடந்தது. எதையுமே ஏற்காத ஐயவாதியாகிய ஜயராசியின் தத்துவோபப்பிலவசிம்மம் 1926இல் குசராத்துப் பட்டணத்துச் சமணச் சுவடிச்சாலை ஒன்றில் கிடைத்து, 1940இல் பரோடாவில் வெளிவந்தது. சமணக் கொள்கையையும் விட்டுவைக்காத அந்நூலைச் சமணர் ஓலையில் படியெடுத்து, கட்டி, பூச்சி அரிக்காமல் பேணி வைத்திருந்தனர்.

எல்லாம் இவ்வாறு நல்லெண்ணத்தோடு நடந்தது என்று கூறி வரலாற்றுக்குச் சாந்து பூச நாம் விரும்பவில்லை. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அது நடந்ததா என்பதில் வரலாற்றறிஞர் ஐயுறுகின்றனர். அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட மனம் இருந்தது என்பதில் ஐயமில்லை. சில நூல்கள் கரையானுக்கு இரையாயின. சில, படியெடுக்க ஆளின்றி மாண்டன. ஓலை நெடுநாள் தாங்காது. படியெடுப்பவன் வேண்டா என்று நினைத்தாலே போதும், நூல் இறந்துவிடும். தீயிட வேண்டியதில்லை.

இதற்கு மாறாக நின்றவர்களுள் உ. வே. சாமிநாதையர் ஒருவர். திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்ற அவர், சிந்தாமணியைப் பதிப்பிக்கும்பொருட்டுக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று அவர்கள் சமயத்தைக் கேட்டறிந்தார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. மணிமேகலையை எடுத்தபோது அதன் பௌத்தப் பொருள் விளங்காமல் இடர்ப்பட்டு, கற்றோரை நாடித் தெளிந்து, 1898இல் வெளியிட்டார். நீலகேசியை உரையுடன் 1936இல் அச்சேற்றியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்.

புதிய காலத்திலும் இவ்வழக்கு ஓயவில்லை. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழ், படைப்புக் கொள்கையை வாரந்தோறும் உசாவியது. அவ்விதழ்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்து, பேராசிரியர் வீ. அரசுவின் தொகுப்பால் மீண்டன. இலாகூர்ச் சிறையில் பகத்சிங் எழுதிய நாத்திகக் கட்டுரையை 1930களில் ஜீவா தமிழாக்க, பெரியார் வெளியிட்டார். அதன்பொருட்டு வழக்கும் சிறையும் நேர்ந்தன.

வானியலார் கூற்று என்ன என்று நம் பிள்ளைகள் கேட்பர். பேரண்டம் விரிகிறது, அவ்விரிவு தொடங்கி ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்பது இன்றைய கணக்கு. தொடக்கம் என்றவுடன் தொடங்கியவனைத் தேடுவது இயல்பு. இக்கொள்கைக்கு வித்திட்டோருள் ஒருவரான லெமைத்ர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப்பாண்டவர் இக்கண்டுபிடிப்பைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது, மகிழ வேண்டிய அவரே வருந்தினார். விஞ்ஞானத்தை அவ்வழக்கில் இழுக்கலாகாது என்பது அவர் எண்ணம். மறு ஆண்டு வானியலாரிடையே பேசிய போப்பாண்டவர் அக்கூற்றை மீண்டும் எடுக்கவில்லை. இதைப் படித்தபோது நமக்கு ஸ்ரீபாடியமே நினைவுக்கு வந்தது. மறுபுறம், நம் நாட்டு ஜயந்த் நார்லிகர் 1964 முதல் ஃபிரெட் ஹாயிலோடு சேர்ந்து தொடக்கமில்லாப் பேரண்டத்துக்கு வழி தேடினார். விண்ணின் சான்றுகள் அக்கட்சிக்கு இணங்கவில்லை என்று பெரும்பாலோர் கைவிட்ட பின்னும், 2025இல் மறையும்வரை அதனை அவர் எளிதில் விட்டுவிடவில்லை. தொடக்கம் இருப்பினும் இல்லாவிடினும், கர்த்தாவைப் பற்றிய தீர்ப்பு அதனால் தானே வந்துவிடாது. அனாதி உலகில் குமாரிலர் கர்த்தாவை மறுத்தார். அனாதி மாயையில் மெய்கண்டார் கர்த்தாவை நிறுவினார். விண்மீன்களின் முடிவைக் கணித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர், நம்மைப்போல் தாயகம் விட்டு வந்த தமிழ்க் குடும்பத்தில், 1910இல் இலாகூரில் பிறந்தவர். அவர் தம்மை நாத்திகர் என்றே கூறிக்கொண்டார்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்கு விசயதசமிக்கு மறுநாள் சென்றிருந்தோம். கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தனர். மாலையில் அனைவரும் பாபு காட் துறைக்குச் சென்றோம். பறை முழங்க அம்மையை ஆற்றில் இறக்கினர். வண்ணம் கரைந்தது, மண் கரைந்தது. சற்று நேரத்தில் மாநகராட்சிப் பாரந்தூக்கி மூங்கிற் கூட்டைக் கரையேற்றியது.

"மண் எங்கே போயிற்று, பாட்டி?" என்று கேட்டாள் சிறுமி.

"ஆற்றுக்குள்தான் இருக்கும், அடுத்த ஆண்டு மறுபடி எடுத்துக்கொள்வார்கள்."

"அந்தத் தாத்தாவேயா வந்து எடுப்பார்?"

பாட்டி சற்றே நின்றார். "அது எனக்குத் தெரியாது, கண்ணே. உன் அப்பாவைக் கேள்" என்றார். தந்தை எங்களைப் பார்த்தார். கூட்டம் நெருக்கியது, சிறுமி இருவர் கையையும் பற்றிக்கொண்டு அடுத்த வினாவைத் தொடங்கினாள்.